தொப்பி எங்க போச்சு?

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. தொப்பி எங்க போச்சு?"

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா கேட்டது இது. நாலு மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, ராத்திரியில் உட்கார்ந்து படித்து, சீட்டு எடுத்த பணத்தில் 20,000 ரூபாயைத் தனியாக எடுத்துவைத்து, அவருக்கென்று நான் வாங்கிவந்த பாட்டுக் கேட்கிற செட் அன்றைக்குத்தான் அவர் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாகப் பாடியது. குரல் தெளிவு, வயலின் தெளிவு, மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் தெளிவு. நான் பாட்டைக் கேட்கவில்லை, அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈசிச்சேரில் சாய்ந்து பத்து நிமிஷம் கேட்டார். வலது கை தொடையில் தாளம் போட்டது. இடது கை சும்மா கிடந்தது. அப்புறம்தான் தொப்பியைக் கேட்டார். தொப்பி என்றால் மிருதங்கத்தின் இடது முகம், அடிநாதம் எழுகிற பக்கம்.

அப்பாவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ரைஸ்மில்லில் கணக்கு எழுதினவர். ஆனால் ஆடுதுறைப் பக்கத்து ஆள். கிழக்கே கொஞ்ச தூரத்தில் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை, பக்கத்திலேயே நாயனம் கடைகிற நரசிங்கம்பேட்டை. இந்த ஊர்ப் பக்கங்களில் காது தானாக வளர்ந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கோயிலில் யார் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனித்து வாசிக்கும் கட்டம், என்று விசாரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவார். வீட்டில் மரப்பெட்டி வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. திருச்சி வானொலியும் சனிக்கிழமை ராத்திரி அகில பாரதக் கச்சேரியும் அதில்தான். மீடியம் வேவில் உச்சத்து ஒலிகள் பாதிக்குப் பாதி வெட்டுப்பட்டுத்தான் வரும். ஆனால் அந்தப் பெரிய மரப்பெட்டிக்கும் 8 அங்குல ஸ்பீக்கருக்கும் தொப்பி மட்டும் கும்மென்று நிறைவாக இருக்கும். அவருக்கு மிருதங்கம் என்றால் அந்த நிறைவுதான்.

இப்போது 78 வயது. காலிங்பெல் கேட்பதில்லை. குக்கர் எத்தனை விசில் என்று அம்மாதான் எண்ணவேண்டும். வயதான காதிலிருந்து முதலில் உதிர்வது உச்சத்து ஒலிகள், அடிநாதம் ரொம்ப நாள் தங்கும் என்று காது டாக்டர் சொன்னார். அப்படியானால் வலந்தலையில் விழும் சாப்பு என்கிற கணீர் அடி அப்பாவுக்குப் பாதிதான் எட்டும். முழுசாக மிச்சம் இருப்பது தொப்பி. அதையே காணோம் என்கிறார்.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

பன்னிரண்டாயிரம் வாட்

இது எங்கள் இரண்டாவது கொள்முதல். முதலாவது, மூன்று வருஷம் முன்னால், கும்பகோணத்தில் ஒரு பெரிய கடையில். காசு என் கைப்பையில் இருந்தது. ஆனாலும் கடைப் பையன் வாய் நிறைய "சார், சார்" என்று என் வீட்டுக்காரரிடம்தான் பேசினான். "சார், பேஸ் மட்டும் கேளுங்க சார்." கேட்டோம். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. தன் சட்டைப் பொத்தான் அதிர்ந்த மாதிரி இருந்தது என்று இவர் சொன்னார், பெருமையாக. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 12,000 வாட், பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. வாங்கிவந்து மாட்டிய பிறகு ஒரு நாள் தூசி தட்டும்போது பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டைப் பார்த்தேன். அது சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட். அறுபதை வாங்கிக்கொண்டு பன்னிரண்டாயிரத்தைக் கொடுக்கிற பெட்டி நிஜமாகவே இருந்தால் அதைக் கூடத்தில் வைக்கக்கூடாது, மேட்டூரில் கொண்டுபோய் வைக்கவேண்டும். பி.எம்.பி.ஓ. என்பது கண்சிமிட்டும் நேரத்தில் எட்டக்கூடியதாகக் கற்பனை செய்துகொள்ளும் உச்சம். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது, அதனால் அவரவர் இஷ்டம். உண்மையைச் சொல்வது, தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவைக் குறிக்கும், ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான், அதைத்தான் தேடிப் பார்க்கவேண்டும்.

அப்பா அந்தப் பெட்டியில் ஒரே ஒரு தனி ஆவர்த்தனம் கேட்டார். "தொப்பி பேசணும் பாப்பா. இது உதைக்குது" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. அடிநாதத்துக்கென்று இந்த மாதிரிச் செட்டில் வரும் மலிவான சப்வூஃபர் என்பது ஓட்டை போட்ட ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கென்று ஒரு சுருதி இருக்கும். கீழ்நாதம் எது போனாலும் அந்தச் சுருதியிலேயே "தும்" என்று திருப்பித் தரும். சினிமாப் பாட்டுக்கு அது உற்சாகமாகக்கூட இருக்கும். மிருதங்கத்துக்கு அது கொலை. தொப்பியில் தட்டிவிட்டு மணிக்கட்டை அழுத்தித் தள்ளும்போது நாதம் கீழிருந்து வளைந்து மேலே எழுமே, கும்கி, அந்த வளைவு முழுவதையும் மழித்து ஒரே குத்தாக ஆக்கிவிடும். தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் வைத்து வித்வான் படும் பாடெல்லாம் வீண். அந்தப் பெட்டி இப்போது என் தம்பி வீட்டில் இருக்கிறது. அவன் பிள்ளைகளுக்கு அது போதும்.

ஒரு வாட் போதும்

இரண்டாம் தடவை ஏமாறக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். கணக்கு டீச்சர் என்பதால் எண்களில் ஆரம்பித்தேன். ஸ்பீக்கரின் விவரக்குறிப்பில் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். 86 என்பது ஏற்கெனவே வீட்டில் யாராவது "கொஞ்சம் குறையேன்" என்று கத்தும் அளவு. அதற்குமேல் 3 டெசிபல் கூட்ட வாட்டை இரட்டிப்பாக்கவேண்டும், 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்காக்கவேண்டும். ஆகவே 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் நடுவில் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் சொற்பம், பர்ஸுக்குத் தெரிகிற வித்தியாசம்தான் அதிகம். நாம் சாதாரணமாகக் கேட்கும்போது ஓடுவது ஒரு வாட்டோ அதற்கும் குறைவோதான். மிச்சமெல்லாம் தவில் தீர்மானம் மாதிரி திடீரென்று எழும் இடங்களுக்கான கையிருப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடைகளில் என் பேச்சே மாறிவிட்டது. "எத்தனை வாட்?" என்று கேட்பதை விட்டேன். "சென்சிட்டிவிட்டி எவ்வளவு, மின்தடை எத்தனை ஓம்?" என்று கேட்டால் கடைப் பையன்கள் "சார்" பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தார்கள், கொஞ்சம் கலவரத்தோடு.

இருபதாயிரத்துக்குள் வழிகள் கொஞ்சம்தான். ஒரே பெட்டியில் சி.டி., ரேடியோ, யு.எஸ்.பி. எல்லாம் அடங்கிய மைக்ரோ சிஸ்டம் ஒரு வழி. பார்க்க லட்சணமாக இருக்கும், ஒன்று பழுதானால் எல்லாம் போச்சு. ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்த பவர்டு ஸ்பீக்கர் ஜோடி இன்னொரு வழி. சின்ன அறைக்கு அதைவிடச் சிக்கனமானது இல்லை, இன்றைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். மூன்றாவது, சின்ன ஆம்ப்ளிஃபயர் தனி, புத்தக அலமாரியில் வைக்கிற மாதிரியான ஸ்பீக்கர் ஜோடி தனி. நாலாவது, நம் ஊர் வழி: ரேடியோ மெக்கானிக்கிடம் 4440 ஐ.சி. போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, தகரப் பெட்டியில் அடைத்து வாங்குவது. டீக்கடைகளிலும் டிராக்டர்களிலும் பாதி அதுதான் பாடுகிறது. அதைக் குறைத்துப் பேசமாட்டேன். இரண்டு பக்கமும் தலா 6 வாட் சுத்தமாகக் கொடுக்கும் சில்லு அது, மேலே போட்ட கணக்குப்படி ஒரு கூடத்துக்குப் போதுமானதுகூட. தகராறு போர்டில் இல்லை, அதோடு ஜோடி சேர்க்கிற ஸ்பீக்கரில்.

ஸ்பீக்கர் என்றதும் எங்கள் ரேடியோ அண்ணனை நினைத்துக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒண்டுக்கடை, நாற்பது வருஷமாக அதே ஸ்டூல். அவர் முதலில் சொன்னது, "ஸ்பீக்கர் கூம்பைச் சுத்தி ஓரத்துல என்ன இருக்குன்னு விரல வச்சுப் பாருங்க டீச்சர். பஞ்சு மாதிரி இருந்தா வேணாம். ரப்பரா இருந்தா எடுங்க." நம் பக்கத்து ஈரக்காற்றில் அந்த ஃபோம் விளிம்பு சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அவர் கடை மூலையில் அப்படி விளிம்பு உதிர்ந்த நல்ல நல்ல பழைய பெட்டிகள் பல்லுப்போன கிழவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவதாகச் சொன்னது, காசில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும் என்பது. ஆம்ப்ளிஃபயரைக் கனத்தை வைத்து மதிப்பிடும் அவருடைய பழைய வழக்கத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் காலத்தில் அது சரி. இப்போதைய கிளாஸ் டி என்கிற வகை ஆம்ப்ளிஃபயர் உள்ளங்கை அகலம்தான், கூட வரும் அடாப்டரும் லேப்டாப் அடாப்டர் மாதிரி. சாயங்காலம் எல்லா வயலிலும் மோட்டார் ஓடி மின்னழுத்தம் 180க்கு இறங்கினாலும் அந்த அடாப்டர் சளைக்காது. பழைய செட் அந்த நேரத்தில் "ம்ம்ம்" என்று சேர்ந்து பாடும்.

சின்னப் பெட்டியில் மிருதங்கம் நிஜமாக வருமா என்ற பயம் இருந்தது. அதைத் தீர்த்தது பி.பி.சி. கதை. 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக அவர்கள் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற ஸ்பீக்கர் ஓர் அடி உயரம்தான். வானொலிக்காரர்கள் என்பதால் மனிதக் குரல் அதில் மனிதக் குரலாகவே கேட்கிறதா என்பதுதான் அவர்கள் முதலில் பார்த்த சோதனை. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆண் குரல் ஒரு கட்டை சுருதியில் ஆதார ஷட்ஜத்தில் நின்றால் சுமார் 131 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு), மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98. நல்ல 5 அங்குல ஸ்பீக்கருக்கு இது எட்டாத ஆழம் இல்லை. நிலம் நடுங்கும் 30 ஹெர்ட்ஸ் எனக்கு எதற்கு? அதை விரும்புகிறவர்கள் திருவிழாவில் வண்டியில் அடுக்கி வருகிற பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றால் இலவசமாகவே கிடைக்கும்.

கடைசியில் ஸ்பீக்கர் ஜோடி 12,000, ஆம்ப்ளிஃபயர் 6,500, வயரும் இரண்டு மர ஸ்டூலும் மிச்சத்தில். பாட்டு என் பழைய செல்போனிலிருந்து ப்ளூடூத்தில். ப்ளூடூத்தில் தரம் குறையும் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பாவின் கச்சேரிகள் எல்லாம் ரேடியோவிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும் இறங்கியவை. குறைவதற்கு அவற்றில் இனிமேல் ஒன்றும் பாக்கி இல்லை.

பேனா டார்ச் செல்

"தொப்பி எங்க போச்சு?" என்று அப்பா கேட்டபோது என்னிடம் பதில் தயாராக இருந்தது. வீடு பழைய ஓட்டு வீடு. கூடத்துக்கு நடுவே முற்றம் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அடிநாதம் அந்த வழியாகத்தான் போயிருக்கவேண்டும். ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் பார்த்தேன், சுவர் கீழ்நாதத்தைத் தூக்கிக்கொடுக்கும் என்று படித்திருந்தேன். கொஞ்சமும் எடுபடவில்லை. வயரைச் சோதித்தேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அந்தப் பக்கம் கோடு போட்ட வெள்ளை வயர் சிவப்பு முனையில். எல்லாம் விதிப்படி. ஒரு விசித்திரத்தைக் கவனித்தும் இருந்தேன். ஏதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தால் தொப்பி இருக்கிறது. ஈசிச்சேருக்கு வந்தால் இல்லை. இது ஏதோ சொல்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. குரல் இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லமுடியாதபடி கூடம் முழுக்கப் பரவி நின்றது, அதுதான் ஹை-ஃபை போலிருக்கிறது என்று பூரித்துப்போயிருந்தேன்.

அந்த ராத்திரி அடுக்களையில் நின்று என் வீட்டுக்காரரிடம் சொன்ன வார்த்தை இதுதான்: "அப்பாவுக்குக் காது போச்சு. இனிமே எதை வாங்கிக் குடுத்தும் பிரயோசனம் இல்ல." சட்னிக்குத் தேங்காய் கொடுக்க வந்த அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, மனசு கேட்காமல், ரேடியோ அண்ணனிடம் போய்ப் பழைய சப்வூஃபர் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு டீச்சர், ரெண்டாயிரத்துக்குத் தரேன். அதுக்கு முன்ன ஒரு தடவ வந்து பாத்துடறேன்" என்றார். வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு டி.வி.எஸ். 50இல் வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. ஈசிச்சேரில் அப்பா இடத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் கேட்டார். எழுந்து போய்ச் செட்டை நிறுத்தினார். ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து நாலு வயரையும் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து ஒரு பேனா டார்ச் செல்லை எடுத்தார், ஒன்றரை வோல்ட். "அந்த வலையக் கழட்டுங்க டீச்சர், கூம்பையே பாத்துக்கிட்டிருங்க."

வலது ஸ்பீக்கர் முன்னால் சிவப்புச் சிமென்ட் தரையில் குந்தி உட்கார்ந்தேன். அவர் அங்கிருந்து சிவப்பு வயரைச் செல்லின் தலையிலும் கறுப்பை அடியிலும் தொட்டார். "டப்" என்று ஒரு சத்தம். கறுப்புக் கூம்பு ஓர் அரிசிக் கனம் வெளியே வந்து நின்றது. எடுத்தார், உள்ளே போனது. "இப்ப அந்தப் பக்கம்." இடது ஸ்பீக்கருக்கு முன்னால் போய்க் குந்தினேன். டப். கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. நான் இன்னொரு தடவை தொடச் சொன்னேன். இன்னொரு தடவையும் உள்ளேதான் போனது.

ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. இரண்டும் ஒன்றின் வேலையை ஒன்று அழித்துக்கொண்டிருந்தன. நீளமான அலைகள்தான் இப்படி முழுசாக அடிபடும், அதாவது அடிநாதம். அதிலும் அப்பாவின் கேசட்டுகளில் இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான், அதனால் நடுவில் உட்கார்ந்தவருக்குத் தொப்பி மிச்சமில்லாமல் கழிந்துபோகும். கூட்டல் ஐந்தும் கழித்தல் ஐந்தும் சேர்ந்தால் என்ன என்று ஏழாம் வகுப்பில் நான் வருஷாவருஷம் கேட்கிற கேள்வி.

ஆனால் வயர் சரியாகத்தானே இருந்தது? அண்ணன் வயர் போன வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனார். உத்தரத்தோடு, தூணைச் சுற்றி, தாத்தா படத்துக்குப் பின்னால் ஒரு வீக்கம். இன்சுலேஷன் டேப். இடது பக்கத்துக்கு வயர் பற்றவில்லை என்று எலக்ட்ரீஷியன் பையன் வேறொரு வெள்ளை வயரை ஒட்டுப்போட்டிருந்தான். டேப்பைப் பிரித்தால் சிவப்பு, கோடில்லாத வெள்ளையோடு முறுக்கிக் கிடந்தது. இரண்டு முனையும் ஒழுங்கு, நடுவில் தாத்தா முதுகுக்குப் பின்னால் குறுக்கே மாறி இருந்தது. நாலு மாதம் படித்ததில் வயரைப் பற்றியும் படித்துத்தான் இருந்தேன்.

பிரித்து மாற்றி முறுக்கி, பல்லால் டேப்பைக் கிழித்து ஒட்டினார். அதே கச்சேரியை அதே இடத்திலிருந்து போட்டேன். பாடகர் வந்து இரண்டு தூணுக்கும் நடுவில், அம்மா விளக்கு வைக்கிற மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் வயலின், அந்தப் பக்கம் மிருதங்கம் என்று பிரித்துச் சொல்லமுடியாது, எல்லாரும் ஒரே ஜமக்காளத்தில் நெருக்கியடித்து இருந்தார்கள். பழைய ரெக்கார்டிங்குக்கு அவ்வளவுதான் இடம். ஆனால் தொப்பி இருந்தது. தட்டி, வழுக்கி, வளைந்து மேலே வந்தது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார், யாரும் கூப்பிடவில்லை. ஈசிச்சேரில் அண்ணன் இருந்ததால் தூணில் சாய்ந்து நின்றார். இடது கை தூணைத் தட்ட ஆரம்பித்தது.

"சப்வூஃபர் வேணுமா டீச்சர்?" என்று அண்ணன் சிரிக்காமல் கேட்டார். காசு வாங்கவில்லை. அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, அந்தச் செல்லை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். மேஜை டிராயரில் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சில்லறை வேலை. சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தேன். ஸ்டூல் உயரத்தை ஈசிச்சேரில் சாய்ந்த காது உயரத்துக்குக் கொண்டுவரச் செங்கல் வைத்தேன். எறும்பு ஏறாமல் இருக்கச் செங்கல்லைச் சுற்றி மஞ்சள்தூள். மழைக்காலத்தில் இடி என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குவது. ட்ரெபிளைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன். எனக்குச் சுரீரென்கிறது, அப்பாவுக்குச் சாப்பு கேட்கிறதாம்.

போகிக்கு வீட்டைக் கழுவும்போது அம்மா இடது ஸ்பீக்கரைத் தூக்கி மூலையில் வைத்திருக்கிறாள். பொங்கலன்றைக்குச் சாயங்காலம் நான் கச்சேரியைப் போட்டுவிட்டு முற்றத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா திண்ணையில் யாரோடோ நெல் ஈரப்பதம் பேசிக்கொண்டிருந்தார். பல்லவி முடிவதற்குள் பேச்சை நிறுத்திவிட்டு ரேழியில் வந்து நின்றார்.

"எடது பக்கத்துக்குத் தொண்டை கட்டிக்கிட்டிருக்கு. யாரு பெட்டிய நகத்துனது?"

அம்மா அடுக்களையிலிருந்து எட்டி, அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"காது போச்சுன்னியே" என்றாள்.